பாதி மீசைப் பூனை யாருடையது?

உங்கள் வீட்டுப் பெண்ணை ஊரே திருடி என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? போன மாதம் எனக்கு அது தெரிந்தது.

துர்கா என் அக்கா மகள். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் டிசைனர் வேலை பார்த்தவள். ஒருநாள் அலுத்துப்போய் வேலையை விட்டாள். இப்போது சொந்த ஊரான சிகாமட்டில், வீட்டிலிருந்தே கார்ட்டூன் வரைகிறாள்.

அவள் படங்களுக்கு ஒரே கதாநாயகன் — அப்பு என்கிற பூனை. வெள்ளை உடம்பு. மூக்குக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகப் பாதி மீசை. வால் நுனி தூண்டில் முள் மாதிரி மடங்கியிருக்கும். கைலி கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, உலகத்தையே முறைப்பான். ஸ்டிக்கர், டி-சட்டை என்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தான். குலாயில் முறுக்கு செய்து விற்கும் அம்மா ஒருவர், தன் பாக்கெட்டில் அப்பு படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். துர்காவுக்கு அதுதான் முதல் பெரிய வாய்ப்பு.

அந்த முறுக்கு அம்மாதான் ஒருநாள் போன் செய்தார். ஜொகூர் பாருவில் ஒரு வார இறுதிச் சந்தையில், காப்பிக் குவளையில் இதே பூனையைப் பார்த்தாராம். அதே பாதி மீசை. அதே மடங்கிய வால். விற்றது ஒரு சீனப் பெண்ணாம். முதலில் இந்த விவகாரத்தை முடித்துவிட்டு வா, பாக்கெட் அப்புறம் அச்சடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

துர்கா அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், அவளே துர்காவின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வந்துவிட்டாள். பெயர் சியூ லிங். அப்பு படத்துக்குக் கீழே ஒரே ஒரு மலாய்ச் சொல்... 'திரு'. தமிழில் மரியாதையாகப் பெயருக்கு முன்னால் போடுவோம். மலாயில் அதற்குக் காப்பியடிப்பது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவளுடைய ரசிகர்கள் வரிசையாக வந்து இவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

என் ஊரான லாபிஸிலிருந்து நான் அவளைப் பார்க்கப் போனபோது துர்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அக்கா புலம்பினார். அவள் லேப்டாப்பில் இரண்டு பூனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எனக்கே ரத்தம் கொதித்தது. ஒரே பூனைதான், சந்தேகமே இல்லை. அந்தப் பெண்தான் திருடியிருக்கிறாள்! விசாரணை இல்லை, சாட்சி இல்லை... அக்கா மகள் என்றால் தீர்ப்பு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது பாருங்கள்.

"கேஸ் போடணும் மாமா. காசுக்காக இல்ல. அந்த ஒரு வார்த்தையை அவ திரும்ப எடுத்துக்கணும்."

என்னோடு படித்த சாந்தினி சிகாமட்டில் வழக்கறிஞர். அவரிடம் போனோம். கோர்ட்டுக்குப் போவது கடைசி வழி, முதலில் இருவரும் நேரில் உட்கார்ந்து பேசட்டும் என்றார். அவரே சியூ லிங்கைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் வழக்குப் போடத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தாளாம்!

அவள் தன் அப்பாவோடு வந்தாள். அவர் சிகாமட்டிலேயே சைக்கிள் கடை வைத்திருக்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி. மகள் ஜொகூர் பாருவில் வேலை செய்துகொண்டு, விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறவள். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பழைய படங்களை எடுத்து மேசையில் வைத்தார்கள்.

சாந்தினி பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு மாதிரி இருந்தா மட்டும் போதாது. ஒருத்தர் படத்தைப் பார்த்து இன்னொருத்தர் வரைஞ்சிருக்கணும். அதுதான் காப்பி. சரி, இந்தப் பாதி மீசை உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஒரு பூனை தினமும் காலையில் தன் வீட்டுச் சமையலறை வாசலுக்கு வரும், அதைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்று சொல்லி, துர்கா கைப்பேசியில் போட்டோவைக் காட்டினாள்.

சியூ லிங் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தாள். பிறகு கைப்பேசியைக் கையில் வாங்கினாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அப்படியே அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, நிதானமாக மலாயில் சொன்னார்.

"இது என் பூனை."

அவர் போனிலும் அதே பூனை இருந்தது. டயர் அடுக்கின் மேல், பாதி மீசையோடு, மடங்கிய வாலைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பெயர் பாஸ். கடை திறந்ததும் வரும், மீன் சாப்பிடும், தூங்கும் என்றார். சியூ லிங் பாஸைப் பார்த்துத்தான் வரையவே பழகினாளாம். துர்கா விடவில்லை. அது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே கிளம்பும், அதனால் எங்கள் பூனை என்றாள். கொஞ்ச நேரம் படத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பூனை யாருடையது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு புது வழக்கு நடந்தது!

சாந்தினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பூனைக்கெல்லாம் காப்புரிமை கிடையாது லா" என்றார். ஒரே பூனையைப் பார்த்து இரண்டு பேர் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள், அவரவர் படம் அவரவருக்கு, இதில் யாரும் யாருடையதையும் திருடவில்லை என்று விளக்கினார்.

சியூ லிங் அங்கேயே அந்தச் சொல்லை நீக்கினாள். துர்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். அத்தனை நாளும் அழாத துர்கா அப்போதுதான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி — அந்த வால் மடிப்பை நீ எப்படி இவ்வளவு அழகாக வரைகிறாய், எனக்கு வரவே மாட்டேன் என்கிறதே? இரண்டு தலைகளும் ஒரே காகிதத்தின் மேல் குனிந்தன. தவுக்கே என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் அசட்டுச் சிரிப்புதான்.

நம்முடையதைப் போல ஒன்று எதிரே வந்தால், முதலில் திருட்டுதான் ஞாபகம் வருகிறது. நாம் ரசித்ததை இன்னொருவரும் உட்கார்ந்து ரசித்திருக்கலாம் என்று ஏன் தோன்றுவதில்லை?

அப்புவுக்கு எப்போதும் கைலி, பாஸுக்கு எப்போதும் சைக்கிள் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். நிஜப் பூனையை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்து, நடந்ததை இருவர் பக்கத்திலும் எழுதினார்கள். திட்டிய ரசிகர்களே இப்போது இரண்டு பூனையையும் வாங்குகிறார்கள். முறுக்கு அம்மாவும் பாக்கெட்டை அச்சடித்துவிட்டார்.

போன வாரம் அந்த முறுக்குப் பாக்கெட் ஒன்றோடு, சிகாமட்டில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பாக்கெட்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம மணியாச்சே! மத்தியானம் ஆனா இங்கதான் சாப்பாடு. யாரு சார் இவனை வரைஞ்சது?"

நல்லவேளை... அவருக்குப் படம் வரையத் தெரியாது.