சூப்பர்வைசர் கட்டிய மேட்டுப் பாத்தி

தெருவில் அவரை எல்லோரும் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாள் பூராவும் ஒரு கிடங்கில் விரலை நீட்டி நீட்டியே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மகானுபாவர். வீட்டுக்கு வந்தபிறகாவது அந்த விரல் மடங்கும் என்று அவர் மனைவி நினைத்தாள். நினைப்புதான்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை வாசல் பக்கத்துத் தோட்டம். முட்டி தேய்ந்துவிட்டது, குனியக்கூடாது, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தன் ரோஜாச் செடிகளை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். களை மண்டிக் கிடப்பதைப் பார்க்க அழுகையாக வந்தது. பொறுக்கமுடியாமல்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"இடுப்பு உசரத்துக்கு ஒரு மேட்டுப் பாத்தி கட்டிக் குடுங்க. நின்னுக்கிட்டே செடியைப் பாத்துக்கறேன்."

"கவலையை விடு. நான் இருக்கேன்ல?"

அதுதானே அவள் கவலையே!

கொத்தனார் வந்தார். சுவர் முழங்கால் உயரம் வந்ததுமே சூப்பர்வைசர் போதும் என்று நிறுத்திவிட்டார். அதற்கு மேல் போனால் வீட்டு முகப்பு மறைந்துவிடுமாம். இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே! போதாக்குறைக்கு அடியில் வழவழவென்று சிமெண்ட் தளம், வெளிப்பக்கம் குளியலறையில் மிச்சமான நீல டைல்ஸ்.

"தண்ணி வடிய ஓட்டை விடலையா?" என்று அவள் கேட்டாள்.

"ஓட்டை விட்டா ஊத்துற தண்ணியெல்லாம் வீணாப் போயிடாதா? மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

கொத்தனார் அவர் சொன்னபடி பூசி, மண்ணை நிரப்பி, ரோஜாக்களைப் பெயர்த்து நட்டுவிட்டுக் கிளம்பினார்.

நாலு நாள் விடாத மழை. பாத்தி குளமாகி, ரோஜாக்கள் வேரோடு அழுகிப்போயின. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அந்த அழகில் பழைய சகாக்கள் இரண்டு பேரைப் பாத்தி பார்க்க அழைத்து வந்திருந்தார், வெட்கம் கெட்ட மனிதர்.

செடிகளைப் பார்த்து அவர்கள் மூக்கைப் பொத்தியதும், "நான் என்ன பண்ண? இவளுக்குக் கைராசியே கிடையாது" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தாள். டாக்டராவது மண்ணாவது என்று தரையிலேயே உட்கார்ந்து, நீல டைல்ஸில் ஓங்கி ஒரு போடு போட்டாள். செங்கல் வழிவிட்டதும், கருத்த தண்ணீர் பீறிட்டு விருந்தாளிகளின் காலணிகளை நனைத்தது.

"ஓட்டை போடுன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இப்பதான் இவளுக்கு உறைச்சிருக்கு!" என்றார் சூப்பர்வைசர், கொஞ்சமும் கூசாமல்.

அவள் ஒரு ரோஜாவாவது பிழைக்குமா என்று சேற்றில் கைவிட்டு ஒவ்வொரு தண்டாகத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதெல்லாம் கையோடு வந்தது. மனசு விட்டுப்போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தாள்; முட்டி மறுத்தது.

"கொஞ்சம் கை குடுங்களேன்."

அவர் சகாக்களை உள்ளே அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தச் சுவத்தைப் பிடிச்சு எந்திரி. அதுக்குத்தானே அந்த உசரத்துல கட்டியிருக்கேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். அவளுக்காகக் கட்டிய பாத்தி அவளுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். அதையும் அவர் தன் பெருமையில் சேர்த்துக்கொண்டார்.