ஒரு ரிங்

ஹனோவரில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அம்மாவின் போனைத் தினமும் எடுக்காமலே வெட்டிவிடுவேன். எதிரே சாப்பிடும் ஜெர்மன்காரப் பெண்மணி உல்ரிகே பல வாரங்கள் இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அம்மாவோடு சண்டையா?"

"இல்லை. சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன்."

அவர் என் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சூப்பைப் பார்த்துக்கொண்டார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் நூல் மில் ஷிஃப்ட் முடிந்து வீடு சேர்ந்ததும் அம்மா ஒரு ரிங் விடுவாள். வந்துவிட்டேன் என்று பொருள். நான் வெட்டினால், சாப்பிட்டேன், நலம். வாட்ஸ்அப்பில் பேசக் காசு வேண்டாம் என்றான பிறகும் அந்த மிஸ்டு கால் பழக்கம் எங்களை விடவில்லை. அப்பா போனபின் அம்மா தனி. அந்த ஒரு ரிங்கில்தான் என் பிற்பகல் ஓடும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவன் என்றால் கவலைப்படும் வேலையும் அவனுக்குத்தான். மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது, கரண்ட் பில்லைப் படிப்பது, பஸ் போர்டைச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. நான் அசந்தால் வீடே தப்பான பஸ்ஸில் ஏறிவிடும் என்ற பயம் அப்போதே ஒட்டிக்கொண்டது. விமானம் ஏறியும் அது இறங்கவில்லை.

போன ஆடியில் ஒருநாள் ரிங் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. எதிர்வீட்டு ஈஸ்வரி அக்காவைக் கூப்பிட்டேன். "பூட்டு தொங்குதுப்பா" என்றார். செட்டியார்பட்டியில் இருக்கும் மாமாவைக் கூப்பிட்டேன். "பதறாத மாப்ள, வண்டிய எடுத்துட்டேன், போயிப் பாக்கேன்" என்றார், பதறிய குரலில். மில் கேட்டுக்குப் போன் போட்டால், ஷிஃப்ட் எப்போதோ விட்டாச்சு என்றார்கள். அம்மாவுக்கு பிரஷர் உண்டு. மில் ரோட்டில் லாரிகள் உண்டு. மீட்டிங் தொடங்கியிருந்தது, நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உல்ரிகே தண்ணீரோடு வந்தார்.

"அலெஸ் குட்? எல்லாம் சரிதானே?"

"அம்மா ரிங் விடவில்லை."

"நீதான் அதை எடுப்பதே இல்லையே?"

நான் மறுபடி அம்மாவுக்கு அடித்தேன். தண்ணீரை நான் சட்டையில் ஊற்றிக்கொண்டதைப் பார்த்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றார். எனக்கு!

வேலை முடிகிற நேரத்தில் போன் அடித்தது. ஒரு ரிங்கோடு நிற்கவில்லை. எடுத்தேன்.

"ஏலே, நல்லாருக்கியா? ஒனக்கு ஒண்ணுமில்லையே?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"எனக்கென்ன? நீ எங்க போன?"

"மில்லுப் பொம்பளையளோட திருவில்லிபுத்தூருக்குப் போனேன். ஆண்டாள் கோயில்ல எம்புட்டுக் கூட்டம்! போனு தூக்குவாளிப் பையில கெடந்துச்சு, மேளச் சத்தத்துல கேக்கல."

"சொல்லிட்டுப் போகக் கூடாதாம்மா?"

"சாமி கும்பிடப் போனவ வீட்டுக்கு எழவு வீடு கணக்கா ஆளக் கூட்டிவச்சிருக்க. வாசல்ல ஒங்க மாமன் நிக்கான், ஈஸ்வரி அழுதுட்டு நிக்கா. பாத்ததும் ஒனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சுட்டேன்டா. தெருமுக்குலயே ஒக்காந்துட்டேன்."

அவளுக்கு என்ன ஆகிவிடுமோ என்று அத்தனை நேரம் நான் பயந்த பயத்தை, அள்ளிக்கொண்டு போய் அவள் வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

"இனிமே நான் ரிங்கு விட மாட்டேன்" என்றாள் அம்மா. "ஏதாச்சும்னாதான் அடிப்பேன், அப்ப எடு. அடிக்கலைன்னா நல்லாருக்கேன்னு நெனச்சுக்கோ."

இப்போது மதியங்களில் போன் அடிப்பதில்லை. நேற்று உல்ரிகே கேட்டார்: "அம்மா கூப்பிடுவதே இல்லையே, இன்னும் சண்டையா?"

"சமாதானம் ஆகிவிட்டோம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தினார். வலது கையால் எடுத்துச் சாப்பிட்டேன். இடது கை, அடிக்காத போன் மேல் இருந்தது.