மன்றாட்டு மாலையில் நான் தாண்டிப்போன பெயர்

ஆண்டவருடைய அன்பால் எனக்குச் சொந்தமாகிவிட்ட உங்கள் எல்லாருக்கும் வணக்கம். 1994-ஆம் வருடம் மாசி மாதத்தில் என் கணவர் சவரிமுத்துவுக்குத் திடீரென்று பேச்சு நின்றுபோனது. அது எப்படித் திரும்பி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் பேசத் தெரிந்தவள். கொஞ்சம் அதிகமாகவே பேசத் தெரிந்தவள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதனால் கதை அங்கே இங்கே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு சிங்காநல்லூரில். அவர் ஒரு பஞ்சாலையில் மேஸ்திரி. மெஷின் இரைச்சலில் கத்திக் கத்தி வேலை வாங்கியவர், வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார். உப்பு வேண்டும் என்று கேட்டால் பக்கத்து வீட்டு சரசக்கா உப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அப்படியொரு குரல்.

அந்தக் குரலால்தான் எங்கள் வீட்டில் செபம் நடந்தது. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் சகல புனிதர்களின் மன்றாட்டு மாலையை அவர் மனப்பாடமாகச் சொல்லுவார். ஒவ்வொரு புனிதராக அவர் பெயர் சொல்லிக் கூப்பிட, நானும் மகள் லில்லியும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லுவோம். பிறகு அன்றைக்குத் திருநாள் கொண்டாடும் புனிதரின் கதை. புனிதர்களை அவர் ஏதோ மில்லில் கூட வேலை செய்கிறவர்கள் மாதிரிதான் சொல்லுவார். தீயில் வாட்டும்போதும் கேலி பேசிய லாரன்சியார் அவருக்கு ரொம்பப் பிடித்தவர். அவிலாவின் தெரேசம்மாள் ஆண்டவரிடமே நேருக்கு நேர் சண்டை பிடித்தார் என்று சொல்லிவிட்டு, "உன்னையாட்டத்தான் அம்மணி" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. புது வருடத்துப் பூசை முடிந்ததும் ஒரு கூடையில் புனிதர்களின் பெயர் எழுதிய சீட்டுகளை வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எந்தப் புனிதர் வருகிறாரோ அவர்தான் அந்த வருடம் முழுக்க நமக்குத் துணை. அந்த வருடம் எனக்கு லூசியம்மாள் வந்தார். என் வீட்டுக்காரருக்கு, இயேசுவை வளர்த்த சூசையப்பர்.

"அட, எனக்கா?" என்று கோயில் வாசலிலேயே சத்தம் போட்டார். "வேதாகமம் பூராவும் தேடினாலும் ஒரு வார்த்தை பேசாதவருங்க அவரு. எனக்கும் அவருக்கும் எப்படிங்க ஒத்து வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மாசியில் ஒரு காலை, மில்லுக்குக் கிளம்பிச் சட்டை போட்டவர் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். வலது கை தொங்கிப்போயிருந்தது. "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டேன். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெற்ற பிள்ளை தொலைந்துபோய் நின்றால் எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தார்.

சரசக்காவின் கணவர்தான் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, கை கால் மெல்ல மெல்லத் தேறும், ஆனால் மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்றார்கள். எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்று கேட்டேன். டாக்டர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. "இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்கம்மா" என்றார்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில்தான் இல்லை. "ம்" என்பார், சில நேரம் அதுவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் எவர்சில்வர் தம்ளரில் கரண்டியால் தட்டுவார். லில்லி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கிளம்பிய பிறகு நாள் முழுக்க நானும் அந்தத் தம்ளர் சத்தமும்தான். நான் பேசிக்கொண்டே இருப்பேன். பேசாவிட்டால் வீடு என்னை விழுங்கிவிடும்போல இருந்தது. என் குரல் மட்டும் கேட்கிற வீட்டில் இருப்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது.

அழுதேன். ஆனால் அழுகையைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். யார் மேல் தெரியுமா? சூசையப்பர் மேல்! போயும் போயும் வாய் பேசாத ஒருவர் துணைக்கு வந்து, தன் குணத்தை என் வீட்டுக்காரருக்கும் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். படித்தவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் கேட்டது கிடைக்காவிட்டால் அந்தோணியார் சுரூபத்தைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கு அது பெரிய நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து செபத்தை நானே நடத்தினேன். அவரைக் கட்டிலில் தலையணை வைத்து உட்கார வைத்துவிட்டு, நானும் லில்லியும் கீழே உட்காருவோம். சரசக்கா இந்துதான், ஆனாலும் வந்து நிலைப்படி ஓரம் உட்கார்ந்துகொள்வார். அந்தக் குரல் இல்லாத தெருவில் தனக்கும் சோறு இறங்கவில்லை என்பார். மன்றாட்டு மாலையில் ஸ்நாபக அருளப்பருக்கு அடுத்து வருகிறவர் சூசையப்பர். அருளப்பரே என்பேன், அடுத்து நேராக இராயப்பரே என்று போய்விடுவேன்.

முதல் நாளே லில்லி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, ஒருத்தர விட்டுட்டீங்க."

"தெரியும். நீ பதில மட்டும் சொல்லு."

சரசக்காவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "சாமிகிட்ட போய்க் கோவிச்சுக்குவாங்களா கண்ணு? பாவம், அவரு என்ன பண்ணுவாரு?" என்றார். "அவரு சாமி இல்லீங்கக்கா, புனிதரு. அவரு எதுவும் பண்ணாததுதானுங்க என் கோவமே" என்றேன்.

அப்படியே பங்குனியும் பிறந்துவிட்டது. சூசையப்பருக்கென்றே ஒதுக்கிய மாதம் மார்ச். கோயிலில் தினமும் அவருக்கு வணக்கம் நடக்கிறது, என் வீட்டில் மட்டும் அவருக்கு இடமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டவரிடம் நான் கேட்பதை நிறுத்தவில்லை. அடுப்பில் சோறு வேகும்போதும், அவருக்குத் துண்டு நனைத்து உடம்பு துடைக்கும்போதும் ஒரே வேண்டுதல்தான். "ஆண்டவரே, அவர் பழையபடி கத்த வேண்டாம். ஒரு வார்த்தை போதும். என்னைத் திட்டுகிற வார்த்தையாக இருந்தாலும் சரி."

சூசையப்பர் திருநாளுக்கு முந்தின சாயங்காலம். மில் சங்கு ஊதி முடித்திருந்தது. வழக்கம்போல மன்றாட்டு மாலைக்கு வந்தேன். அருளப்பரைச் சொன்னேன். இராயப்பருக்குப் போனேன். கட்டில் சட்டத்தில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. இடது கையால் ஓங்கித் தட்டினார்.

"தண்ணிங்களா?" தலையை ஆட்டினார், இல்லை என்று. "பாத்ரூம் போகணுங்களா? கை வலிக்குதுங்களா? காத்தாடி போடட்டுங்களா?" எல்லாவற்றுக்கும் இல்லை. சரி என்று மறுபடி அருளப்பரிலிருந்து ஆரம்பித்தேன். இராயப்பரைச் சொன்னதும் மறுபடி தட்டு. இந்த முறை முகமெல்லாம் சிவந்திருந்தது.

லில்லி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. ஆனால் என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வெடித்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அவரத்தானே சொல்லச் சொல்றீங்க? நான் சொல்ல மாட்டேனுங்க! உங்க வாயக் கட்டிப்போட்ட மனுசன நான் எதுக்குங்க கூப்பிடணும்? அவ்வளவு பாசமிருந்தா நீங்களே கூப்பிட்டுக்குங்க!"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேச முடியாத மனிதரிடம் சொல்லுகிற பேச்சா அது? ஆனால் அவர் கண்ணில் கோபம் இல்லை. தலையணையிலிருந்து முன்னால் சாய்ந்தார். உதடு குவிந்தது. காற்றுதான் வந்தது. நெற்றியில் வியர்வை. மறுபடி குவித்தார்.

"சூ..." என்றார். "சூ... சூசை... சூசையப்பரே!"

பதில் சொல்ல எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், காத்திருந்தார். பிறகு, இந்த வீட்டில் ஒரு வேலை ஒழுங்காக நடக்காது என்கிற மாதிரி, பதிலையும் அவரே சொன்னார். குழறலாக, ஆனால் ஒரு எழுத்து விடாமல்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சரசக்காதான் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். லில்லி அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் தாண்டிப்போன பெயரை எண்ணிக்கையில்லாமல் சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

மறுநாள் டாக்டரிடம் ஓடினோம். அவருக்கும் சந்தோஷம். பல வருடம் மனப்பாடமாகச் சொன்ன செபமும் பாட்டும் சில பேருக்கு அழியாமல் நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டே மற்றப் பேச்சையும் வரவழைக்கலாம், விடாமல் சொல்ல வையுங்கள் என்றார். மருத்துவம் அப்படிச் சொல்வது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதே மன்றாட்டு மாலையை நாங்கள் தினமும் சொன்னோமே, அவர் வாய் அசையவில்லையே? ஒருவரை விட்டுவிட்டு, நீங்களே கூப்பிட்டுக்குங்க என்று நான் கத்திய பிறகுதானே திறந்தது? என் கோபத்தைக்கூட ஆண்டவர் வீணாக்கவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். சூசையப்பரும் தன்னைத் திட்டினவளை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல், வந்து காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். செபம் வந்தது, சாதாரணப் பேச்சு வரவில்லை. சோறு என்று சொல்லப் பார்ப்பார், சின்னப்பர் என்று வந்து விழும். லில்லியைச் செபஸ்தியார் என்பார். என்னை இரண்டு வாரம் இராயப்பரே என்றுதான் கூப்பிட்டார். மோட்சத்துச் சாவி இருப்பது இராயப்பர் கையில்தானே. "ஏனுங்க, மோட்சத்துச் சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் பேசுங்க" என்பேன். அவரும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே மறுபடி தப்பாகக் கூப்பிடுவார். புனிதர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுச் சமையல்கட்டிலேயே குடியிருந்த காலம் அது. அத்தனை வருத்தத்திலும் நாங்கள் அவ்வளவு சிரித்திருக்கிறோம்.

சிரிப்பு வராத நாட்களும் இருந்தன. ஒரே தம்ளரைப் பகலெல்லாம் தட்டுவார். கையில் இருப்பதை வீசி எறியலாம் போல வரும். அப்போது அவர் சொல்லியிருந்த குழந்தை தெரேசம்மாளின் கதை ஞாபகம் வரும். கன்னியர் மடத்தில் செப நேரத்தில் பக்கத்தில் இருந்த சகோதரி ஓயாமல் எழுப்பிய சத்தத்தை, வியர்த்து வழியப் பொறுத்துக்கொண்டு, அதையே ஆண்டவருக்கு ஒரு சங்கீதமாகக் கொடுத்தவர் அவர். முன்பு அந்தக் கதை கேட்டபோது, இதெல்லாம் ஒரு புண்ணியமா என்று நினைத்திருக்கிறேன். தம்ளர் சத்தம் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய புண்ணியம் என்று தெரிந்தது.

நான் மாறியது ஒன்றில்தான். அவர் ஒரு வார்த்தைக்குத் தடுமாறும்போது நான் முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடக் கூடாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். என்னைப்போல ஒரு வாயாடிக்கு இதைவிடப் பெரிய தபசு கிடையாது. கனவில் வானதூதர் சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் எழுந்து செய்த சூசையப்பரிடம் தினமும் அந்த அருளைத்தான் கேட்டேன். அவரிடம் கற்றுக்கொள்ள எனக்கும் ஒரு பாடம் இருந்திருக்கிறது பாருங்கள்.

அடுத்த வருடம் பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குச்சாமியார் அவரை முதல் வாசகம் வாசிக்கச் சொன்னார். ஊன்றுகோலோடு மெல்ல நடந்து போய் நின்றார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்து நின்றது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு அந்த வார்த்தையை அவரே தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டு, கடைசிவரை வாசித்து முடித்தார்.

அன்றைக்குக் கோயிலே, வாசகம் முடிந்ததும் வழக்கமாகச் சொல்கிற "இறைவா உமக்கு நன்றி" என்ற பதிலைச் சொன்ன சத்தம், அவருடைய பழைய குரலையும் மிஞ்சிவிட்டது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று பேச்சற்றுக் கிடக்கலாம். உங்களுக்காகப் பரிந்து பேசப் புனிதர்கள் இருக்கிறார்கள், நம்பிக் கூப்பிடுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடேயே கூப்பிடுங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பதில் வருகிறவரை கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். என்னாலேயே முடிந்ததென்றால் உங்களால் முடியாதா?

மரிய புஷ்பம் சவரிமுத்து,
சிங்காநல்லூர்