வரிசை வாத்தியார்

என் அண்ணனுக்கு எங்கள் தெரு வைத்த பெயர் வரிசை வாத்தியார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்கள் தெருமுனையோடு திரும்ப வேண்டியதுதான். முன்னறையில் பெஞ்சுகளைப் போட்டு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தார். இலக்கணம் கிலக்கணமெல்லாம் அவருக்குப் பிறகுதான், முதலில் வார்த்தை. முதல் இரண்டு எழுத்து ஒன்றாக இருக்கும் வார்த்தைகளை அகராதி முறைப்படி ஒரு வரிசையாகக் கோப்பார். பலகையில் பி, எல் என்று எழுதினால் போதும், "பிளாக் கறுப்பு, பிளட் ரத்தம், புளூ நீலம்" என்று பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தும்.

மாடியில் குடியிருக்கும் எனக்கு மத்தியானத் தூக்கம் போயே போச்சு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் இறங்கிவந்து, இது படிப்பா ஏலமா என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை. ஏ, யூ வரிசையில் 'ஏலம்' என்ற பொருளுள்ள வார்த்தை விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, என் கண்முன்னாலேயே அதைச் சேர்த்து எழுதினார். இவரோடு யார் மல்லுக்கட்டுவது?

அண்ணிக்கு ஏ, பி, சி தெரியாது. பின்னறையில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைப்பாள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த அத்தனை வரிசையும் பொருளோடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்குது பார் என்று நான் கேலி செய்வேன்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. அண்ணனின் வலது கையோடு பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் புரிந்தது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வார்த்தையை வைத்துப் பிழைத்த மனிதர் ஊமையாகப் படுத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் அவர் எதையோ கேட்டுக் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தார். அண்ணி தலையணையை நீட்டினாள், போர்வையை நீட்டினாள், ஜன்னலைத் திறந்தாள். எதுவும் இல்லை. ஓய்ந்துபோய் மிஷினில் உட்கார்ந்தவள் பழக்கதோஷத்தில் "வெயிட் காத்திரு, வாக் நட" என்று ஆரம்பித்தாள். கட்டிலிலிருந்து குரல் வந்தது: "வால் சுவர், வார்ம் வெதுவெதுப்பு, வாஷ் கழுவு, வாட்டர் தண்ணீர்." அதோடு நின்றது. அண்ணி ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அன்றைக்கு நாங்கள் மூவரும் அழுதோம்.

நினைத்ததைப் பேச முடியாதவர்களுக்குக்கூட மனப்பாடம் செய்தது சில சமயம் தானாக வரும் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் விளக்கினாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் அதுவே சட்டமானது. அண்ணி ஒவ்வொரு வரிசையின் முதல் வார்த்தையாகச் சொல்லிப் போவாள். வேண்டிய வரிசை வந்ததும் அண்ணன் இடது கையைத் தூக்கி, தானே தொடர்வார். எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் அவர் சொல்ல வந்த வார்த்தை. இது தெரியாத பழைய மாணவர் ஒருவர் "வெயிட், காத்திரு" என்று அண்ணி சொன்னதும் பவ்யமாகக் கைகட்டி உட்கார்ந்துவிட்டார். பாவம், அண்ணனுக்குத் தாகம்.

இந்த நிலையில் அண்ணியின் இடுப்பு போயிற்று. குளிக்கவைக்க அண்ணனைத் தூக்கியபோது பிடித்துக்கொண்டது. இனி ஆளைத் தூக்கினால் அவளும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியூரிலிருந்து வந்த மகன் ஒரு பராமரிப்பு விடுதியில் பேசி முடித்து, அப்பா இனி அங்கேயே இருக்கட்டும் என்றான். அவன் கெட்டவனில்லை, பயந்துபோயிருந்தான். அண்ணி முடியவே முடியாது என்றாள். வரிசை எடுத்துக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் அவர் மறுபடி ஊமையாகிவிடுவார். அவளுக்கு அந்த ஒரு பயம்தான். அம்மாவும் பிள்ளையும் இரண்டு நாளாக இதே சண்டை. எனக்கு இருவர் மேலும் கோபம். உரியவரைக் கேட்காமல் என்ன பஞ்சாயத்து என்று நான் அதட்டிய பிறகுதான் அடங்கினார்கள்.

படுத்திருந்த இடத்திலிருந்தே அண்ணி வரிசைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். 'ஸ்டே இரு' வரும் வரிசையை நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள். அண்ணன் கை அசையவில்லை. "ரீட்" என்றதும் கையைத் தூக்கினார்.

"ரீட் படி. ரெடி தயார். ரெட் சிவப்பு. ரிப்ளை பதில். ரெஸ்ட் ஓய்வு."

நிறுத்தினார். இடது கை அண்ணியைக் காட்டியது.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்காகவா போறேங்கிறீங்க?" என்று அண்ணி கேட்டாள். அண்ணன் தலையாட்டினார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கையை ஊன்றி, வலியோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"சரி, போங்க. ஆனா ரெஸ்ட்டுக்கு அடுத்தது என்ன? அதையும் சொல்லிட்டுப் போங்க."

அண்ணன் அவளையே பார்த்தார். உதடு இரண்டு முறை துடித்தது.

"ரிட்டர்ன். திரும்பி வா."

அந்த வரிசையில் அதற்குப் பிறகும் எத்தனையோ வார்த்தைகள் உண்டு. அண்ணி காத்திருந்தாள், நாங்களும் காத்திருந்தோம். அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

அவள் இடுப்பு சரியாகும்வரை தினமும் விடுதிக்குப் போய் வரிசை எடுத்துக்கொடுப்பது என் பொறுப்பு என்று நான் சொன்னேன். மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பரண்மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கி அப்பாவின் துணிகளை அடுக்கத் தொடங்கினான்.

"பெட்டியெல்லாம் எதுக்குடா?" என்றாள் அண்ணி. "ஒரு பையில நாலு சட்டை வை, போதும்."