நாலு படகு கூடிய இடம்

பொன்னுரங்கத்துக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது என்பார்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில். உண்மையில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்குதான். கடலில் எங்கே நாலு படகு கூடி நிற்கிறதோ அங்கே மீன் இருக்கும், யோசிக்காமல் திருப்பு. காற்று மிரட்டினாலும் திருப்புவார். சொந்த ஃபைபர் படகு வாங்கியதே அந்தக் கணக்கில்தான்.

பாவி மனிதர், அதே கணக்கைக் கரையிலும் போட்டார்.

மீஞ்சூர் சாலையில் பெரிய தொழிற்சாலை வருகிறது என்று பேச்சு கிளம்பியதும் ஊரே மனை வாங்கப் பறந்தது. ஆள் கூடக் கூட விலை ஏறியது. விலை ஏற ஏற இன்னும் ஆள் கூடியது. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்துக்கும் கடைசியில் கை அரித்தது. படகை விற்றாவது ஒரு மனை வாங்கிவிடுவது என்று கிளம்பினார்.

“மழை வந்தா அங்க ஏரித் தண்ணி நிக்கும்யா. போட்ட வித்துட்டு நாம இன்னாத்த துன்றது?” என்றாள் மனைவி கோமளா.

“அம்மாம் பேரும் முட்டாளா? நாலு போட்டு கூடுற எடத்துல மீனு இல்லாம பூடுமா?”

படகையும் இஞ்சினையும் பக்கத்து வீட்டு ஆல்வினுக்கு விற்று மனை வாங்கினார்.

தொழிற்சாலை வரவில்லை. துணிந்து வாங்கியவர்கள் எல்லோரும் ஒரேயடியாகப் பயந்துபோய் விற்க ஓடினார்கள். வாங்கத்தான் ஒரு ஈ காக்கை இல்லை. மனையில் இப்போது கோமளா சொன்ன தண்ணீர் நிற்கிறது. பொன்னுரங்கம் தன்னுடைய பழைய படகிலேயே ஆல்வினுக்குக் கூலியாளாகப் போனார். மீன் இருக்கும் இடம் தெரிந்தவர் என்றுதான் ஆல்வின் அவரை ஏற்றிக்கொண்டான்.

போன வாரம் தூரத்தில் நாலைந்து படகுகள் கூடி நின்றன.

“இன்னாண்ணா, அங்க போலாமா?” என்று ஆல்வின் கேட்டான்.

அங்கே மீன் இருக்கிறதென்று மனசு அடித்துச் சொன்னது. ஆனால் தண்ணீர் நிற்கும் மனையும் நினைவுக்கு வந்தது. சூடு கண்ட பூனை.

“வேணாம்பா. கும்பலு கூடுற எடம் நமக்கு ஆவாது.”

பெரியவர் சொல்லைத் தட்டாமல் ஆல்வின் வேறு பக்கம் திருப்பினான். அன்று மற்ற படகுகள் காணாங்கெளுத்தியை அள்ளிக்கொண்டு வந்தன. இவர்கள் வெறும் வலையை உதறிவிட்டுக் கரையேறினார்கள்.

மறுநாள் விடியலில் பொன்னுரங்கம் கரைக்குப் போனபோது, அவர் இடத்தில் வேறொருவனை ஏற்றிக்கொண்டு படகு போயிருந்தது.