அம்பாசிடருக்கு இரண்டு ஃபேன்

அக்காவின் கணவர் நெய்வேலி மைன்ஸில் எலக்ட்ரீஷியன். பர்மனென்ட். ஆகவே எங்கள் குடும்பத்தில் மின்சாரம் பற்றி வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் நிறையப் படித்தவன் என்பதால் எனக்கு டார்ச் பிடிக்கும் பொறுப்பு.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் புதுச்சேரி போகவேண்டி வந்தது. அந்த நேரம் பார்த்து மாமாவின் பழைய அம்பாசிடரின் எஞ்சினும் போனது. அக்காவுக்கு மாற்று கிடைக்கவில்லை. வண்டிக்குக் கிடைத்தது, உடைப்புக்கு வந்த ஒரு வேனின் டீசல் எஞ்சின்.

அது பழையதைவிட நீளம். எஞ்சினோடு சுற்றும் ஃபேன் ரேடியேட்டரை இடித்தது. மாமா அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சின்னக் கார்களில் வரும் எலக்ட்ரிக் ஃபேன் இரண்டை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினார். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், அங்கிருந்து ரிலே என்கிற ஸ்விட்ச், ரிலேயிலிருந்து ஃபேன். தண்ணீர் சூடானால் தானே சுற்றும். சாவியை எடுத்திருந்தாலும் சுற்றும்.

"ஹீட் காட்டுற முள்ளு?" என்று கேட்டேன்.

"அது வயர அடுத்த வாரம் இழுத்துக்கலாம். ரெண்டு ஃபேன் சுத்தறப்ப முள்ள பாத்துக்கினு இன்னா பண்ணப்போற? நீ டார்ச்ச நேரா புடி மச்சான்."

டயாலிசிஸ் நாள் காலை, நைட் ஷிப்ட் முடித்து வந்த காக்கிச் சட்டையோடு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் இரண்டு ஃபேனும் ஒன்றாகச் சீறின. குவார்ட்டர்ஸ் வாசலில் வீங்கிய கால்களை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்திருந்த அக்கா கைதட்டினாள்.

"எனக்கும் இப்பிடி ரெண்டு வெளிய கட்டிவுடுங்களேன்."

மாமா எஞ்சினை நிறுத்திய பிறகு, ஒரு வயர் ஃபேன் இறக்கைப் பக்கம் தொங்குவதைப் பார்த்தார். கையை உள்ளே விடுமுன் ஃப்யூஸை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட் பக்கம் வேலை செய்கிறவர்களின் பழக்கம் அது: கை உள்ளே இருக்கும்வரை ஃப்யூஸ் தன்னிடம் இருக்கவேண்டும், பக்கத்தில் நிற்பவன் சொந்த மச்சானானாலும் நம்பக்கூடாது. அவருடைய பத்து விரலும் அவரிடமே இருப்பது அதனால்தான்.

வயரைக் கட்டி முடித்தபோது போன் வந்தது. காலை ஷிப்டுக்கு ஆள் குறைகிறது, திரும்ப வா. லீவெல்லாம் டயாலிசிஸிலேயே தீர்ந்திருந்தது; மறுக்க முடியாது. பானெட்டை அறைந்து மூடினார்.

"நீயே ஓட்டிக்கினு போயிடு மச்சான். பத்து மணிக்கு மெஷின். லேட்டானா வேற ஆள ஏத்திடுவாங்க. வண்டி பக்கா."

வண்டி வேகமாகப் போனவரைக்கும் காற்றே எஞ்சினைக் காப்பாற்றியது. முத்தாண்டிக்குப்பத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிகளை ஒருபக்கமாக விட்டார்கள். நின்று நின்று நகர்ந்தோம். முதலில் ஒரு கருகல் நாற்றம். பிறகு பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி. திறந்து பார்த்தால் ஃபேன்கள் தியானத்தில் இருந்தன. ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடம் காலி.

மாமாவுக்குப் போன் அடித்தேன். ஷிப்டில் எடுக்கமாட்டார். தார் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு கம்பிய சொருவு சார்."

சொருகினேன். இரண்டு ஃபேனும் அருமையாகச் சுற்றின. எஞ்சின்தான் அதற்குள் செத்துவிட்டிருந்தது.

பலாப்பழம் ஏற்றிய மினி லாரி ஒன்று எங்களுக்காக நின்றது. "ஆயாவ முன்னால ஒக்கார வைங்க. நீங்க பின்னால ஏறிக்கங்க," என்றார் டிரைவர். அக்காவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. நான் திருத்த வாயெடுத்தேன்.

"ஆயாதான்டா. ஏறு, நேரமாவுது," என்றாள் அக்கா.

பண்ருட்டிவரை பலாப்பழங்களோடு உருண்டேன். வாழ்க்கையில் நான் கற்றதில் எதுவும் பலா முள்ளுக்கு எதிராக உதவவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் மெஷினில் வேறொரு பெண் படுத்திருந்தாள்.

"சாயங்காலம் ஒண்ணு காலியாவும்மா," என்றார் அங்கிருந்த பணியாளர். "ஆனா ரெண்டு மணி நேரந்தான் போட முடியும்."

வழக்கமாக நான்கு. அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. வராண்டாவில் என் முதுகில் சாய்ந்து, உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். மாமா மாலையில் வந்து சேர்ந்தார், அதே காக்கியில். ஃப்யூஸைக் கையில் வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பறம் திட்டறேன்," என்றாள். "இப்ப மூச்சு இல்ல."

இரண்டு மணி நேரம் முடிந்து வெளியே வந்தபோதும் கால் வீக்கம் வடியவில்லை. அடுத்த முறைவரை பாதி சுத்தமான ரத்தத்தில்தான் ஓட்டவேண்டும்.

"வேற எஞ்சின் பாக்கறேன்," என்றார் மாமா.

"வாணாங்க. இனிமே பஸ்ஸுதான். பஸ்ஸு நின்னா, நம்மகூட நாலு பேரு எறங்கி நிப்பாங்க."

நெய்வேலி பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். மாமா "மூணு" என்றார். அது அவருக்கு எட்டவில்லை. கண்டக்டர் குனிந்து இன்னொரு முறை கேட்டார்.