அடுப்பு மூட்டாத மூன்று நாள்

கலாதேவிக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருடம் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் ஒரே வீட்டில், நாலாம் மாடியில் கழிந்துவிட்டது. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், எண்பத்திரண்டு படி. யன்னலுக்கு நேரே தொங்கு ரயில் ஓடும். அது போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும். "உந்தச் சத்தத்துக்கை எப்பிடியப்பா இருக்கிறியள்?" என்று யாராவது கேட்டால், "சத்தம் எங்களிட்டை வாடகை கேக்கிறேல்லைத் தானே" என்பாள். அவளுக்கு வாய் அப்படி. சும்மா சொல்லக் கூடாது, அந்த வாய் இல்லாவிட்டால் அவள் இந்த நாட்டில் இவ்வளவு காலம் தாக்குப் பிடித்திருக்க மாட்டாள்.

முதியோர் இல்லமொன்றின் குசினியில் இருபத்தாறு வருட வேலை. கோப்பை கழுவத்தான் முதலில் எடுத்தார்கள். இப்போது நூற்றுப் பத்துப் பேருக்கு மதியச் சாப்பாடு அவள் கையால்தான் போகிறது. வாரத்தில் இரண்டு நாள் பெரிய அண்டாவில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், அவியும். அந்த மணம் தலைமயிரில் ஏறினால் இரண்டு முறை முழுகினாலும் போகாது. அந்த மணத்தோடு அவள் பஸ்ஸில் ஏறினால் ஒருவரும் மூக்கைச் சுளிப்பதில்லை. வீட்டுக் கறி மணத்தோடு ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகும். இதை அவள் இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் புருசன் யோகலிங்கத்துக்குப் பாரிசவாதம் வந்து வலக் கையும் வலக் காலும் இழுத்துவிட்டன. ஆணித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நின்று வேலை செய்த மனிதர். அதன் பிறகு அந்த எண்பத்திரண்டு படி அவருக்கு எட்டாத தூரமாகிவிட்டது. டாக்குத்தரைப் பார்க்க டெர்மின் என்று நேரம் குறித்துத் தந்த நாளில் மட்டும் இரண்டு பெடியள் வந்து கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அப்படியே ஏழு மாதம். ஒரு நாள் யன்னலடியில் இருந்துகொண்டு, "இஞ்சேர் கலா, நான் நிலத்திலை கால் வைச்சு எத்தினை நாள்?" என்று கேட்டார். அவள் குசினிக்குள் போய் மூக்கைச் சீறிவிட்டு வந்தாள். அடுத்த நாளே வீடு தேடத் தொடங்கினாள். படி ஏறத் தேவையில்லாத வீடு, அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஜெர்மனியில் வீடு தேடுவது பெண் பார்க்கும் கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே பெண்ணே போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். சம்பளத் துண்டு மூன்று மாதத்துக்கு, கடன் இல்லை என்ற கடிதம், பழைய வீட்டுக்காரரின் நற்சான்று எல்லாம் காட்ட வேண்டும். அதற்கு மேலே எங்கள் ஆட்களின் புத்திமதி வேறு. வீடு பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னதாக மீன் பொரிக்காதே, மேலங்கியைக் கழுவி வீட்டுக்கு வெளியே தொங்கவிடு, உள்ளே என்றால் மணம் பிடிக்கும். கலாதேவி எல்லாம் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஒன்பது வீடு பார்த்தாள். ஒன்பது இடத்திலும், "நாங்கள் அறிவிக்கிறோம்" என்றார்கள். ஒருவரும் அறிவிக்கவில்லை.

பத்தாவது வீடு மலைப்பக்கம், ரயில் சத்தம் எட்டாத தெருவில் இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து நின்றன. எந்தக் காலத்திலோ நெதர்லாந்துக்காரர் ஒருவர் தங்கள் ஊர்ப் பாணியில் கட்டிய சிவப்புக் கல் வீடுகள். பெரிய பெரிய யன்னல்கள், ஒன்றிலும் திரைச்சீலை இல்லை. அக்கம் பக்கத்தார் இன்றைக்கும் 'ஹொலண்ட் வீடுகள்' என்றுதான் சொல்கிறார்கள். கீழ்த்தளம். வாசலில் படி இல்லை, பின்கதவைத் திறந்தால் நேரே புல். எங்கேயோ யாரோ வேலி வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கலாதேவி பின்கதவில் நின்று யோகலிங்கத்தின் கதிரையை எங்கே போடலாம் என்று கண்ணாலேயே அளந்தாள். அளந்த பிறகு அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இது கிடைக்காவிட்டால் இனி எதைப் பார்த்தாலும் மனம் ஆறாது என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரி ஃபிராவ் ஹோல்ட்காம்ப் எழுபது வயதுக்காரி, நேர்த்தியான ஆள். கடதாசிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "எனக்கு விருப்பம்தான்" என்றாள். "ஆனால் நீங்கள் இப்போது எப்படிக் குடியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்க்க வேண்டும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன்."

மகள் வேணுஜா டோர்ட்மண்டில் காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறவள், சட்டம் தெரிந்தவள். செய்தி கேட்டதும் ரெலிபோனிலேயே கட்டளை போட்டாள்.

"அம்மா, வியாழக்கிழமையிலை இருந்து அடுப்பு மூட்டாதேங்கோ. யன்னல் எல்லாம் திறந்து விடுங்கோ. அவ பாக்க வாறது வீட்டை இல்லை, மணத்தை. விளங்குதோ?"

"அப்பாக்குச் சாப்பாடு?"

"மூண்டு நாள் பாண் சாப்பிட்டா ஒண்டும் வராது."

விளங்கியது. வியாழன் வெள்ளி இரண்டு நாளும் பாணும் தயிரும் சீஸும். கறித்தூள் போத்தல்களை மூன்று பைக்குள் போட்டுக் கட்டி நிலவறையில் வைத்தாள். திரைச்சீலை கழுவினாள், சுவர் துடைத்தாள். எண்ணெய் படாத அடுப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. யோகலிங்கம் பாணைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளைக்காரனுக்கு வருத்தம் வராமல் என்ன செய்யும்?" என்று முனகினார். அவள் சிரித்தாள். உள்ளுக்குள் மட்டும் ஏதோ சரியில்லை என்று குறுகுறுத்தது.

இனி இரண்டாம் மாடிப் புஷ்பமலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக அதே கட்டடத்தில் இருக்கிறாள். பின்னேரம் ஐந்து மணிக்குக் கலாதேவி தாளிக்கும் மணம் படியால் இறங்கி வரும், அதை வைத்துத்தான் புஷ்பமலர் தன் உலையை ஏற்றுவாள். வியாழன் மணம் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. ரெலிபோன் எடுத்தாள். கலாதேவிக்கோ, 'வெள்ளைக்காரிக்காக அடுப்பை அணைச்சுப் போட்டிருக்கிறன்' என்று சொல்ல வெட்கம். அடைத்த குரலில், "பிறகு கதைக்கிறன் புஷ்பம்" என்று வைத்துவிட்டாள். சனி காலையில் புஷ்பமலர் யன்னலால் எட்டிப் பார்த்தால், வேணுஜா கறுப்பு மேலங்கியோடு காரால் இறங்குகிறாள். கையில் ஒரு கட்டு வெள்ளைப் பூ. வீடு வாசமாக இருக்கட்டும் என்று பிள்ளை வாங்கிக்கொண்டு வந்தது அது. நிமிர்ந்து பார்த்தால் நாலாம் மாடியில் யன்னலெல்லாம் விரியத் திறந்து கிடக்கிறது. வேறு என்ன நினைப்பாள்? யோகலிங்கத்தார் போய்விட்டார் என்றே நினைத்தாள்.

பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் ஃபிராவ் ஹோல்ட்காம்ப் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அறைகளைப் பார்த்தாள், குளிக்கும் அறையைப் பார்த்தாள், யோகலிங்கத்துக்குக் கை கொடுத்தாள். கடைசியாகக் குசினி வாசலில் நின்று ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு மணமும் இல்லை! உங்கள் ஆட்களின் வீட்டில் வழக்கமாக... சரி, விடுங்கள். இங்கே ஒருவரும் குடியிருக்காத மாதிரி அவ்வளவு சுத்தம்."

வேணுஜா சிரித்தாள். கலாதேவியும் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு படாரென்று திறந்தது. முடியை விரித்துப் போட்டபடி, ஒரு கையில் சோற்றுச் சட்டியும் மறு கையில் பருப்புச் சட்டியுமாகப் புஷ்பமலர் நின்றாள். எண்பத்திரண்டில் பாதிப் படியை ஓடி ஏறியிருக்கிறாள்.

"ஐயோ என்ர அக்கா! ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அக்கா! அடுப்பு மூட்டேல்லை எண்ட உடனையே எனக்கு நெஞ்சு திக்கெண்டுது... ஐயோ, என்ர அண்ணை!"

சட்டிகளைக் கீழே வைத்துவிட்டுக் கலாதேவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். இரண்டாம் அடியிலேயே தோளுக்கு மேலால் அண்ணையைக் கண்டுவிட்டாள். அண்ணை கதிரையில் இருந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் சாகேல்லை புஷ்பம்," என்றார் யோகலிங்கம். "மூண்டு நாளாப் பாண் தின்னுறன். அவ்வளவுதான்."

ஃபிராவ் ஹோல்ட்காம்ப் திகைத்துப்போய், என்ன நடக்கிறது என்று கேட்டாள். வேணுஜா அவசரமாக, "ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரி, கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவள்" என்றாள். கலாதேவி மகளைப் பார்த்தாள். கீழே கிடந்த சட்டிகளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. தன் புருசனை உயிரோடு கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு, தன் கையாலேயே தன் வீட்டைச் செத்தவீடாக்கியிருக்கிறாள். அதுவும் யாருக்காக? கோபம் காலில் இருந்து தலைக்கு ஏறியது.

"ஒன்றுமில்லாமல் இல்லை," என்று தன் குசினி ஜெர்மனில் தொடங்கினாள். "எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஆள் செத்தால்தான் அடுப்பு மூட்டுவதில்லை. அப்போது அயலார் சோறு கொண்டு வருவார்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று நான் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. என் புருசன் செத்துவிட்டார் என்று நினைத்து இவள் வந்திருக்கிறாள். இவளில் பிழை இல்லை. பிழை என்னில்."

"அம்மா, போதும்," என்றாள் வேணுஜா.

"என்ன போதும்? புஷ்பம், உன்ரை வீட்டிலை கறிவேப்பிலை கிடக்கோ? செத்தல் மிளகாயும் தூளும் எடுத்துக்கொண்டா. ஓடு!"

புஷ்பமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கலாதேவி தாச்சியை இறக்கினாள். மூட்டுவதற்கு அங்கே நெருப்பா இருக்கிறது, குமிழைத் திருப்புவதுதான். ஆனாலும் எங்கள் வாயில் அது மூட்டுவதுதான். எண்ணெய் காய்வதற்குள் புஷ்பமலர் திரும்பி வந்துவிட்டாள். வெங்காயம், பெருஞ்சீரகம், வெந்தயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, கடைசியாகத் தூள். வீடு முழுக்கக் கமறியது. ஃபிராவ் ஹோல்ட்காம்ப் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு இருமினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் போகவில்லை, நின்றாள்.

"இருபத்தாறு வருடமாக உங்கள் ஆட்களுக்கு நான் கோவா அவிக்கிறேன்," என்றாள் கலாதேவி, அகப்பையைப் போட்டுப் பிரட்டியபடி. "அது மணக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. நான் ஒவ்வொரு நாளும் சமைப்பேன். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் மணக்கும். எனக்கு உங்கள் வீடு வேண்டும், என் புருசன் நிலத்தில் கால் வைக்க வேண்டும். ஆனால் செத்த ஆட்கள் மாதிரி அங்கே வந்து இருக்க எனக்கு ஏலாது."

ஃபிராவ் ஹோல்ட்காம்ப் மேலங்கியை மாட்டிக்கொண்டாள். "அறிவிக்கிறேன்," என்றாள். அந்தச் சொல் கேட்டதும் வேணுஜா கதிரையில் தொப்பென்று இருந்தாள். அப்பா மட்டும் அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

பத்தாம் நாள் தபாலில் ஒப்பந்தம் வந்தது. வேணுஜா துள்ளிக் குதித்தாள். கடைசிப் பக்கம் வரைக்கும்தான் அந்தத் துள்ளல். அதில் தட்டெழுத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது: 'கடும் மணம் எழும்பும் சமையலைக் குடியிருப்பவர் தவிர்க்க வேண்டும்.'

"இது சட்டத்திலை செல்லாது அம்மா. கையெழுத்தை வைச்சுப் போட்டுப் போய், விரும்பினதைச் சமையுங்கோ. ஆரும் ஒண்டும் செய்ய ஏலாது."

"செல்லாத சொல்லுக்கு நான் ஏன் கையெழுத்து வைக்க வேணும்? சமைக்க மாட்டன் எண்டு எழுதிக் குடுத்துப் போட்டு, ஒவ்வொரு நாளும் கள்ளி மாதிரிக் கதவைப் பூட்டிக்கொண்டு தாளிக்கிறதோ?"

வாய் அப்படிச் சொன்னாலும் பேனை கையில்தான் இருந்தது. அவளுக்கு மட்டும் என்றால் அந்தக் கடதாசியை அந்த இடத்திலேயே கிழித்திருப்பாள். யன்னலடியில் இருந்த மனிதரைப் பார்த்தாள், கை இறங்கிவிட்டது. முதல் தடவையாகக் கலாதேவி தோற்கத் துணிந்தாள். "சரி, இஞ்சேருங்கோ, உங்களுக்காக வைக்கிறன்," என்று குனிந்தாள்.

"கொண்டா இஞ்சை," என்றார் யோகலிங்கம்.

இடக் கையை நீட்டிப் பேனையை வாங்கினார். கடதாசியை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த வரிக்கு மேலால் ஒரு கோடு இழுத்தார். கோணல் மாணலாக, தொடங்கின இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் சம்பந்தம் இல்லாத கோடு. அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

"என்னைச் சாட்டி நீ தலை குனிய வேண்டாம்," என்றார். "ஏழு மாதம் இருந்திட்டன். எட்டாம் மாதமும் இஞ்சை இருப்பன். ஒன்பதாம் மாதமும் இருப்பன். அனுப்பு."

அனுப்பினார்கள். பதினொரு நாள் ஒரு சத்தமும் இல்லை. புதிய ஆட்களுக்கு வீட்டைக் காட்டியிருப்பாள் என்று வேணுஜா சொன்னாள். கலாதேவி வழமை போல ஐந்து மணிக்குத் தாளித்தாள். பன்னிரண்டாம் நாள் ஒப்பந்தம் திரும்பி வந்தது. கோணல் கோட்டின் ஓரத்தில் ஃபிராவ் ஹோல்ட்காம்ப் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருந்தாள். ஒரு சின்னத் துண்டும் ஒட்டியிருந்தது: 'வறுக்கும்போது தயவுசெய்து யன்னலைத் திறவுங்கள்.'

"திறக்கிறன்," என்றாள் கலாதேவி. "எல்லா யன்னலையும் திறக்கிறன்!"

குடி போன அன்று முறைப்படி பாலைக் காய்ச்சிப் பொங்கவிட்டாள். அது முடிந்ததும் தாச்சியை ஏற்றி, பட்டப்பகலில், ஹொலண்ட் வீட்டின் திரையில்லாத பெரிய யன்னல்களை எல்லாம் விரியத் திறந்துவிட்டுத் தூளைப் போட்டாள். பக்கத்து வீட்டில் வேலி வெட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு தும்மல் தும்மிவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினார். பின்கதவுக்கு வெளியே யோகலிங்கம் பொல்லைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார்.

மத்தியானம் புஷ்பமலர் பஸ் பிடித்து வந்தாள். வீட்டு இலக்கம் எழுதிய துண்டு கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

"எப்பிடியடி இடத்தைக் கண்டுபிடிச்சாய்?" என்று கேட்டாள் கலாதேவி.

"தெரு முனையிலேயே மணந்தது அக்கா," என்றாள் புஷ்பமலர். "அப்பவே நினைச்சன், அண்ணை உயிரோட சந்தோசமா இருக்கிறார் எண்டு."